பதினைந்து சாய்ப்பு

கண்டியன்மேட்டில் அடுத்தவர் பேச்சைத் திருப்பிச் சொல்பவர்களின் வாய் பாதியில் நின்றுபோக ஆரம்பித்தது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழே முக்கால் மணிக்கும் எட்டே கால் மணிக்கும் நடுவில். மழைக்கு முன்னால் கரண்ட் போவதை எடுத்துக்கொள்வது போலத்தான் ஊர் அதை எடுத்துக்கொண்டது. பால் சொசைட்டி வரிசையில் நின்ற ஒரு பெண், முந்தின நாள் தன் மாமியார் தன்னைச் சொன்னதை மாமியார் குரலிலேயே சொல்லிக் காட்ட, 'உனக்கெல்லாம் சோறு ஒரு கேடா' என்பது மட்டும் கணீரென்று வெளியே விழுந்தது. அதைச் சொன்னது தன் மாமியார் என்ற மிச்சத்துக்கு உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. முன்னால் நின்றவள் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தூக்குப்போசியால் ஓங்கி ஒன்று வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் தன் மேலதிகாரி திட்டியதை டிரைவரிடம் சொல்லப்போய் டிரைவரைத் திட்டியவர் ஆனார். மத்தியானத்துக்குள் ஊரில் பதினோரு அடிதடி, இரண்டு நிச்சயதார்த்த முறிவு.

விதி எளிமையானது. ரெண்டே நாளில் ஊர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. தன் சொல்லைத் தான் சொன்னால் ஒன்றும் ஆகாது. அடுத்தவன் சொன்னதன் சாரத்தைச் சொன்னாலும் ஒன்றும் ஆகாது. அடுத்தவன் சொன்னதை அவன் சொன்னபடியே எடுத்துச் சொன்னால் அந்தச் சொல் மட்டும் கேட்கும். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் அந்தப் பக்கம் காற்றாகப் போகும். எழுதிப் பார்த்தவர்களுக்கும் அதே கதி, பேனா அந்த இடத்தில் வறண்டது. சொன்னவன் பெயர் உதிர்ந்துவிடும், சொல் மட்டும் எடுத்துவந்தவன் தலையில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நாட்ராயன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

அவனுக்கு இருபத்தாறு வயது, அவிநாசியப்பன் என்பவரின் தறிக்கூடத்தில் நாலு தறி ஓட்டுகிறவன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் கூடத்து வாசலில் நின்றபோது அவிநாசியப்பன் எல்லோரையும் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூடம் எரிந்தது. ஆள் யாரும் உள்ளே இல்லை, இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தது. ஐம்பத்தெட்டுத் தறிக்காரர்கள் அந்த வார்த்தையைக் கேட்டிருந்தார்கள், ஐம்பத்தேழு பேர் கேட்கவில்லை என்றார்கள், மீதி ஒருவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான்.

ஸ்டேஷன் ரைட்டராக இருந்த ஏட்டு மரியசூசை, தெற்கத்திக்காரர், பணி ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தவர். அவர் மேசையில் முந்தின நாள்தான் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருந்தது, அதில் வாக்குமூலம் பதிவதற்கென்று ஒரு புது புரோகிராமும்.

"சொன்னதச் சொன்னபடியே சொல்லணும், பாத்துக்க," என்றார் ஏட்டு. "சுருக்கி கிருக்கிச் சொன்னா இது வாங்காது. மேலிடத்து உத்தரவு."

நாட்ராயன் தொண்டையைச் செருமினான். வெள்ளிக்கிழமை, முதலாளி, வாசல் என்றெல்லாம் ஆரம்பித்ததாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷனில் கேட்டது இவ்வளவுதான்: "இந்தக் கூடத்த நானே கொளுத்திப்போடுவேன்."

ஏட்டு அதை அடித்தார். மிச்சத்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். பையனின் உதடு வெகு நேரம் அசைந்துகொண்டிருந்தது.

"கொளுத்திட்டியா, இனிமேத்தான் கொளுத்தப்போறியா?"

"ஐயோ, நானில்லீங்க! முதலாளிதான் கொளுத்தறதாச் சொன்னாருங்க."

"அது சாராம்சம். சாராம்சத்துக்கு இதுல எடமில்ல. அவரு என்ன வார்த்தை சொன்னாரு, அதச் சொல்லு."

"இந்தக் கூடத்த நானே கொளுத்திப்போடுவேன்."

"ரெண்டு தடவ ஒத்துக்கிட்டான் ஐயா," என்று ஏட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நாட்ராயன் அன்று சாயங்காலம் சப் ஜெயிலில் இருந்தான்.

அந்தப் புரோகிராமை எழுதியது நாட்ராயனின் அக்கா வளர்மதி. பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கு மாடியில், மூன்று பேர் வேலை பார்க்கும் ஓர் அறையில் உட்கார்ந்து அரசாங்க அலுவலகங்களுக்குப் புரோகிராம் எழுதித் தருவது அவள் பிழைப்பு. அதில் ஓர் இடத்தில் பிசகியிருந்தாள். இயந்திரத்துக்கு ஒரு பேச்சைக் கொடுப்பதென்றால் அதை இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் வைத்துக் கொடுக்க வேண்டும். பேச்சுக்கு உள்ளேயே இன்னொருவர் பேச்சு வந்து, அதற்கும் ஒரு மேற்கோள் குறி வந்துவிட்டால், இயந்திரம் அதோடு எல்லாம் முடிந்ததென்று எண்ணிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். அப்படித் தள்ளாமலிருக்க உள்ளே வரும் குறிக்கு முன்னால் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு போட வேண்டும். இது முடிவில்லை, இதுவும் பேச்சுதான், மேலே படி என்று இயந்திரத்துக்குச் சொல்வதற்கு அந்த ஒற்றைக் கோடு போதும். முதல் வருடம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி. வாக்குமூலப் பெட்டியில் மட்டும் வளர்மதி அதைப் போட மறந்திருந்தாள்.

தம்பியைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் ஒன்பது நிமிடத்தில் அதைத் திருத்தினாள். இயந்திரம் திருந்திவிட்டது. ஊர் வாய் திருந்தவில்லை. இயந்திரத்திலிருந்து இந்த வியாதி ஊருக்கு வந்ததா, ஊரிலிருந்து இயந்திரத்துக்குப் போனதா என்று ஆறுச்சாமி டீக்கடையில் ஒரு வாரம் வழக்கு நடந்து, கடைசியில் டீத்தூளை மாற்றியதில் வந்து நின்றது.

வியாழக்கிழமை வளர்மதி பேக்கரியில் நின்று, தம்பிக்கு நடந்ததைக் கடைக்காரரிடம் ஏழாவது முறையாகச் சொல்ல முயன்று, ஏழாவது முறையாக வாய் அடைத்து, ஆத்திரத்தில், திரையில் போடும் அந்தக் கோட்டையே நினைத்துக்கொண்டு வலது உள்ளங்கையை வாய்க்கு முன்னால் சாய்த்துப் பிடித்தாள், விரல் நுனி இடது புருவத்தை நோக்கி மேலே, மணிக்கட்டு வலது தோளை நோக்கிக் கீழே. அடுத்து அவள் சொன்னது முழுசாக வந்தது. ஏட்டு சொன்னது ஏட்டு சொன்னதாகவே வந்தது. பேக்கரியில் பன் கடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் கேட்டார்கள். சனிக்கிழமைக்குள் ஊரே கையைச் சாய்த்தது.

அதற்குச் சாய்ப்பு என்று பெயர் வந்தது. எதிர்ப்பக்கம் சாய்த்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதால், இடது கைக்காரர்கள் கொஞ்ச காலம் ஒதுக்கப்பட்டு, பிறகு அவர்களும் வலது கையைப் பழகிக்கொண்டார்கள். கல்யாணத் தரகர்கள் நாளொன்றுக்கு நானூறு சாய்ப்பு சாய்த்துத் தோள் இறங்கி, வர்மக்காரர் வீட்டு வாசலில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். கட்சிக் கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர் பேசியதைச் சொல்லிக் கிண்டல் செய்யும் பேச்சாளருக்கு, நேரம் பார்த்துக் கையைப் பிடித்துச் சாய்த்துவிட மேடையில் ஓர் ஆள் நியமிக்கப்பட்டார். பஞ்சாயத்துப் பள்ளியில் பிரார்த்தனைக்குப் பிறகு சாய்ப்புப் பயிற்சி வந்தது. சலூன்காரர் மட்டும், கையில் கத்தி இருக்கும்போது சாய்ப்பது ஆபத்து என்று, யார் சொன்னதையும் சொல்வதை விட்டுவிட்டார். அவர் கடைக்குக் கூட்டம் குறைந்தது.

சிக்கல் சொல் கைமாறும்போது வந்தது. ஒருத்தி சாய்த்துச் சொன்னதைக் கேட்டவள் அடுத்தவளிடம் கொண்டுபோகும்போது, முதல் சாய்ப்பு கேட்டவளோடு கரைந்துபோயிருந்தது. சொல்லைக் காப்பாற்ற ஒரு சாய்ப்பு. அந்தச் சாய்ப்பையும் அடுத்த வாய்க்குச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு சாய்ப்பு. ஒரு வாய் தாண்ட ஒன்று, இரண்டு வாய்க்கு மூன்று, மூன்று வாய்க்கு ஏழு, நாலு வாய்க்குப் பதினைந்து. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சாய்ப்புகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு, சொல் அம்மணமாக வெளியே வந்து, அப்போது யார் வாயில் இருக்கிறதோ அவருடையதாகிவிடும். விரல் விட்டு எண்ணத் தெரியாதவர்கள், பொறுமை இல்லாதவர்கள், கை ஒழியாதவர்கள் எல்லோரும் சாராம்சமாகவே பேசிப் பழகினார்கள். அவள் கோபமாகப் பேசினாள், அவர் மறுத்துவிட்டார், அவன் அழுதான். ஊரில் சண்டை பாதியாகக் குறைந்தது, பேச்சின் ருசியும் பாதியாகக் குறைந்தது.

வளர்மதி சப் ஜெயிலுக்கு மனு போட்டுத் தம்பியைப் பார்த்தாள். நடுவில் கம்பி வலை, பக்கத்தில் வார்டர். உள்ளே இருப்பவர்கள் கை ஜாடை காட்டக் கூடாதென்பது அங்கே பழைய விதி. நாட்ராயன் கையைத் தூக்கியபோதெல்லாம் வார்டர் லத்தியால் வலையைத் தட்டினார்.

"அக்கா, அம்பத்தேழு பேரு நின்னாங்கக்கா. ஒருத்தருக்குக்கூடவா காது கேக்கல?"

"கோர்ட்டுப் பக்கம் போறவனுக்குத் தறி கெடையாதுன்னு முதலாளி ஆள் விட்டிருக்காருடா. புதுக் கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியாச்சு."

"நீ வா. வெள்ளிக்கெழம வந்ததும் உங்கிட்டத்தான முழுசாச் சொன்னேன்?"

"வர்றேன். வாரம் முழுக்க அதத்தான் பழகிட்டிருக்கறேன்."

"என்னத்தப் பழகற?"

"எண்ணறதுக்கு."

அவன் அக்காவை வெறித்துப் பார்த்தான். "ஜாமீன் வேண்டாம்க்கா. நான் சும்மா வெளிய வர்றதுல ஒண்ணுமில்ல. அவரு சொன்னாருன்னு எழுதணும். அதுக்குத்தான் போனேன்."

கண்டியன்மேட்டுக் கோர்ட்டில் சாட்சி சொல்வதை வக்கீல் வாங்கித் திருப்பிச் சொல்வார், அதை பெஞ்ச் கிளார்க் வாங்கி உரக்கச் சொல்வார், அதை டைப்பிஸ்ட் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே அடிப்பார், அப்புறம்தான் மாஜிஸ்திரேட் அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்வார். நாலு வாய். பதினைந்து சாய்ப்பு. வளர்மதி வக்கீல் திருமூர்த்தியை வீட்டுக்கு வரவழைத்து, கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினாள். நான் பதினைந்து சாய்க்கிறேன், உங்கள் கைக்கு ஏழு வரும், நீங்கள் ஏழு சாய்த்துக் கொடுத்தால் கிளார்க்குக்கு மூன்று, அவர் டைப்பிஸ்ட்டுக்குக் கொடுத்தால் ஒன்று. திருமூர்த்தி தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அம்மிணி, ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா என்றார்.

வாய்தா நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. வளர்மதி கூண்டில் ஏறி, ஒன்று இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு கையைச் சாய்த்தாள். மின்விசிறி மேலே கிறீச்சிட்டது. பன்னிரண்டாவதில் தோள் நடுங்கியது. பதினைந்தில் நிறுத்தி, முதலாளி சொன்ன வார்த்தையை, முதலாளி சொன்னதாக, தம்பி தன்னிடம் சொன்னபடி, முழுசாகச் சொன்னாள். திருமூர்த்தி அதை முழுசாக வாங்கினார். கிளார்க் பக்கம் திரும்பி ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாகச் சாய்த்து ஏழுக்கு வந்தார். வந்தவர் ஒரு நொடி யோசித்தார். அந்த ஆவணியில் மட்டும் மூன்று கல்யாணத்துக்கு மொய் வைத்திருந்த கை அது. நூறு என்றால் நூற்றொன்று, ஐநூறு என்றால் ஐநூற்றொன்று. நல்ல காரியத்துக்கு மேலே ஒன்று சேர்க்காமல் கொடுத்து அந்தக் கைக்குப் பழக்கமில்லை. எட்டாவதாக ஒன்று சாய்த்தார்.

"இந்தக் கூடத்த நானே கொளுத்திப்போடுவேன்," என்றார் வக்கீல் திருமூர்த்தி, நிறைந்த கோர்ட்டில், நல்ல கனத்த குரலில்.

கிளார்க் அதை அப்படியே வாங்கிச் சொல்லி அவரும் ஒத்துக்கொண்டவர் ஆனார். டைப்பிஸ்ட் முணுமுணுத்தபடி அடித்து மூன்றாவது ஆள் ஆனார். மாஜிஸ்திரேட் அம்மா விவரமானவர். வக்கீல் என்ன சொன்னார் என்பதைச் சொல்ல வாயைத் திறந்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு, பேப்பரில் ஒத்திவைப்பு என்று மட்டும் எழுதினார். ஒரு மாதம் தள்ளி.

"ஏழோட நிறுத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்களே!" கோர்ட்டு வராந்தாவில் வளர்மதி கத்தினாள்.

"மனசு கேக்கல அம்மிணி. ஏழுன்னு வெறுங்கையா நிறுத்தறது ஒரு மாதிரியா இருந்துச்சு. உன்ற தம்பி நல்லா இருக்கோணும்னுதான்..."

"அவன் நல்லா இருக்கறக்கா இப்பிடிப் பண்ணுனீங்க? அடுத்த வாய்தாவுக்குள்ள அவன மாவட்ட ஜெயிலுக்குத் தள்ளிருவாங்க. அங்க போனா அப்பறம் எத்தன வாய், எத்தன சாய்ப்பு, அதுக்கு நான் எங்க போயி கணக்குப் போடுவேன்?"

"அதுக்கு முன்னால என்னையத் தள்ளாம இருக்கோணும்," என்றார் திருமூர்த்தி. அவர் முகத்தில் வேர்வை வழிந்தது. "நானும் ஒத்துக்கிட்டவன் ஆயிட்டனல்ல."

அதற்குள் ஏட்டு மரியசூசை புது வாக்குமூலங்களைப் பதிய வந்து நின்றார். வக்கீல், கிளார்க், டைப்பிஸ்ட் மூன்று பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, இரண்டு, மூன்று, நான்கு என்று அவர்களைப் பதிந்துவிட்டு, தோள் வலிக்கிறதென்று கையைத் தொங்கவிட்டபடியே, திருமூர்த்தியைப் பார்த்து, நீங்க கோர்ட்டில் சொன்னது இதுதானே என்று கேட்க நினைத்து, "இந்தக் கூடத்த நானே கொளுத்திப்போடுவேன்," என்றார். வக்கீலோடு துணைக்கு வந்திருந்த வளர்மதி கண் முன்னால், அவள் எழுதிய புரோகிராம், திருந்திய புரோகிராம், ஒரு கோடும் பிசகாமல் அதை வரிசை எண் ஐந்தாகப் பதிந்துகொண்டது. பெயர்: மரியசூசை. தொழில்: தலைமைக் காவலர்.

ஏட்டு திரையைப் பார்த்தார். "ஏசுவே," என்றார். "எட்டு மாசந்தான் பாக்கி."

வளர்மதிக்கு மூன்று வாரமாக அடக்கிவைத்திருந்த எரிச்சல் எல்லாம் ஒரு புள்ளியில் வந்து நின்றது. ஒருவனே சொன்னால் அவன் குற்றவாளி. ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பேரையும் ஒன்றும் செய்ய முடியாமல் ஸ்டேஷன் விழிக்கிறது. அவள் நேராக ஆறுச்சாமி டீக்கடைக்குப் போனாள். எரிந்த கூடத்துக்கு எதிரே, வேலையில்லாமல் தறிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும் கோர்ட்டுக்கு வர வேண்டாம்," என்றாள். "ஸ்டேஷனுக்குப் போங்க. வெள்ளிக்கெழம நீங்க கேட்டத அப்பிடியே சொல்லுங்க. கையச் சாய்க்க வேண்டாம்."

"சாய்க்காமயா? என்ற தலையில உழுகுமே அம்மிணி!" என்றார் ஒருவர்.

"எல்லார் தலையிலயும் உழுகட்டும். ஒரு ஆளப் புடிச்சு உள்ள போடலாம். ஊரையே போடறக்கு ஜெயில்ல எடம் வேணுமல்ல?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த ஆறுச்சாமி கையை நிறுத்தினார். "இரு, இரு. சாய்க்காமச் சொன்னா முதலாளி பேரு வெளிய வராதில்ல?"

"வராது."

"பேரே வராதா?"

"எப்பிடிச் சொன்னாலும் வராது."

கடையில் ஒரு நிம்மதி பரவியதை வளர்மதி பார்த்தாள். உண்மையைச் சொல்ல மூன்று வாரமாகப் பயந்தவர்கள், அதில் பாதியை மட்டும் சொன்னால் போதும் என்றதும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். "அப்பச் செரி," என்றார் ஆறுச்சாமி. "நானும் வர்றேன். நான் கூடத்துல வேல பாக்கல, ஆனா எனக்கும் அன்னிக்கு நல்லாக் கேட்டுச்சு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் தொடங்கிய வரிசை தபாலாபீஸ் வரை நீண்டது. ஒருவர் பின் ஒருவராக வந்து, இந்தக் கூடத்த நானே கொளுத்திப்போடுவேன் என்று, சிலர் கோபமாகவும் சிலர் வெட்கப்பட்டுக்கொண்டும் ஒருவர் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஐம்பத்தேழு தறிக்காரர்கள். வரிசை எண் அறுபத்திரண்டு வரை வந்தது. அறுபத்து மூன்று ஆறுச்சாமி. மரியசூசைக்கு விரல் வீங்கியது.

பன்னிரண்டு மணிக்கு அவிநாசியப்பன் காரில் வந்து இறங்கினார். சாய்ப்பு கூலிக்காரர்களின் சேட்டை, தன் கௌரவத்துக்கு ஆகாது என்று ஆரம்பத்திலிருந்தே கையை இடுப்புக்கு மேலே தூக்காதவர் அவர். தன்னிடம் பிழைக்கிற பயல்கள் எல்லாம் ஸ்டேஷனில் வந்து என்ன சொல்கிறார்கள், நீங்களும் எழுதிக்கொள்கிறீர்களா என்று ஏட்டிடம் சண்டை பிடிக்க வந்திருந்தார். மேசை மேல் ஓங்கிக் குத்தினார். அவர் வாயிலிருந்து கேட்டது இதுதான்:

"இந்தக் கூடத்த நானே கொளுத்திப்போடுவேன்."

புரோகிராம் அதை வரிசை எண் அறுபத்து நான்காகப் பதிந்தது. பெயர்: அவிநாசியப்பன். தொழில்: தறிக்கூட உரிமையாளர்.

அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த வளர்மதி அதைத் திரையில் பார்த்தாள். பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள். அறுபத்து நாலு வாக்குமூலத்தில் ஒன்று மட்டும் நிஜம், அது இதோ இருக்கிறது, உரியவன் வாயிலிருந்து, உரியவன் பெயரோடு. மேலே அறுபத்து மூன்று, எழுத்துப் பிசகாமல் அதே மாதிரி.

வக்கீலிடம் ஓடினாள். திருமூர்த்தி கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இது ஒண்ணுதான் அசல்னு காட்டறதுன்னா, மத்ததெல்லாம் அவரு சொன்னதத் திருப்பிச் சொன்னதுன்னு நிரூபிக்கோணும். மறுக்கா கூண்டுல ஏறோணும். மறுக்கா பதினஞ்சு. அடுத்த வாய்தா, அதுக்கடுத்த வாய்தா. அதுவரைக்கும் பையன் உள்ளதான். வேண்டாம்னா நாளைக்கே மனுப் போடறேன். அறுபத்து நாலு பேரு ஒரே வார்த்தைய ஒத்துக்கிட்டா அது ஒத்துக்கிட்டதே இல்லன்னு போடறேன். பையன் நாளான்னிக்கு வெளிய வந்துருவான். ரெண்டுல ஒண்ணச் சொல்லு அம்மிணி."

"அவன் வேண்டாம்னானுங்க. சும்மா வெளிய வர வேண்டாம்னான்."

"உள்ள இருக்கறவன் அப்பிடித்தான் சொல்லுவான். வெளிய இருக்கறவங்கதான் முடிவு பண்ணோணும்."

அவள் மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

மாஜிஸ்திரேட் அம்மாவின் உத்தரவு ஒரே பக்கம்தான். அறுபத்து நாலு பேர் சொன்ன ஒன்றை எவரும் சொன்னதாகக் கொள்ள இயலாது, எல்லோரும் விடுவிக்கப்படுகிறார்கள், தீ எப்படிப் பற்றியது என்பது தெரியவில்லை. கீழே ஒரு நிபந்தனை: மேற்படி வாக்கியம் இனி எவரிடமிருந்தும் எக்காரணம் கொண்டும் பதிவு செய்யப்படலாகாது, அதற்கான ஏற்பாடு பதிவுப் புரோகிராமில் செய்யப்பட்டு, செய்த விவரம் வந்து சேர்ந்த பிறகே விடுதலை. உத்தரவின் நகல் பேக்கரி மாடிக்கு வந்தது. அந்த வாக்கியம் வரும் எந்த வாக்குமூலத்தையும் வாங்காமல் தள்ளிவிடும்படி வளர்மதி ஒரு வரி எழுதினாள். இயந்திரத்தில் வெறும் ஒரு வரி. அந்த வாக்கியத்தைச் சுற்றி மேற்கோள் குறி, ஒவ்வொரு குறிக்கும் முன்னால் இடப்பக்கம் சாய்ந்த கோடு. மூன்று முறை சோதித்துப் பார்த்தாள். இந்தத் தடவை எதையும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாட்ராயன் வெளியே வந்தான். இளைத்திருந்தான். சலவைச் சட்டை இப்போது பெரிதாக இருந்தது.

"பஸ் நிக்குதுடா, வா."

"எழுதுனாங்களாக்கா?"

"வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"அவரு சொன்னாருன்னு எழுதிருக்குதா இல்லியா?"

"எழுதிருக்குது," என்றாள் வளர்மதி. "அறுபத்து நாலாவது ஆளா."

அவளே எல்லாவற்றையும் சாராம்சமாகச் சொன்னாள், வரிசையை, டீக்கடையை, உத்தரவை; கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டாள். நாட்ராயன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப நான் எதுக்கு இருபத்தஞ்சு நாளு உள்ள இருந்தேன்?" என்றான். பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நடந்தான்.

"டேய், எங்கடா போற?"

"சொல்றதுக்கு. அன்னிக்குச் சாய்க்கத் தெரியல. இப்பத் தெரியுமல்ல? நேரா எழுதறவர்கிட்டயே சொல்றேன். ஒரு வாய், ஒரு சாய்ப்பு. நடுவுல வக்கீலும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

அவள் பின்னாலேயே ஓடினாள். நிற்கச் சொல்ல வேண்டிய வார்த்தை அவளிடம் இருந்தது, அது அவள் சொந்த வார்த்தை, அதைச் சொல்லச் சாய்ப்பும் தேவையில்லை. ஸ்டேஷன் வரைக்கும் அவள் வாயில் அது எழவில்லை.

ஏட்டு மரியசூசை அவனைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். நாட்ராயன் உட்கார்ந்தான். வலது உள்ளங்கையை வாய்க்கு முன்னால், விரல் நுனி மேலே இடப்பக்கம், மணிக்கட்டு கீழே வலப்பக்கம், ஒரே ஒரு முறை, நடுங்காமல் சாய்த்தான். அப்புறம் சொன்னான்.

"வெள்ளிக்கெழம சாயந்திரம் கூடத்து வாசல்ல வெச்சு, எங்க முதலாளி அவிநாசியப்பன், கூலி கேட்ட எங்க அம்பத்தெட்டுப் பேரயும் பாத்து, 'இந்தக் கூடத்த நானே கொளுத்திப்போடுவேன்' அப்பிடின்னு சொன்னாருங்க. என் ரெண்டு காதுலயும் கேட்டனுங்க."

ஒரு சொல் உதிரவில்லை. உள்ளே இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வாசலில் நின்ற காவலர் கேட்டார். மரியசூசை, அவன் சொல்லச் சொல்ல, வீங்கிய விரலால், ஒன்றும் விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் பதிவு செய்யும் பொத்தானைத் தட்டினார். திரையில் வாக்குமூலப் பெட்டி வெறுமையானது. மறுபடி அடித்தார். மறுபடி வெறுமையானது. மூன்றாவது முறையும் முடிந்த பிறகு அவர் தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற வளர்மதியைப் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து நாட்ராயனும் திரும்பினான்.

அவன் அவளைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான்.

"எனக்குக் கேட்டுச்சுப்பா," என்றார் மரியசூசை. "நல்லாவே கேட்டுச்சு. இது வாங்க மாட்டேங்கு."

"பரவால்லீங்க," என்றான் நாட்ராயன். நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்வதற்காகக் கையைச் சாய்த்தான்.